மாவும் காணியும்: தமிழர் கண்ட பொதுப் பகுதி

"இம்மியளவும் ஐயமில்லை" என்கிறோம். "ஒரு வீசமும் குறையாது" என்கிறோம். "காணி ஆசை கோடி கேடு" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுகிறோம். இம்மி, வீசம், காணி ஆகிய இம்மூன்று சொற்களையும் வெறும் சொல்லலங்காரமாகக் கருதிப் பழகிவிட்டோம். உண்மையில் மூன்றும் எண்கள். வீசம் என்பது பதினாறில் ஒன்று; காணி என்பது எண்பதில் ஒன்று; இம்மி என்பது இருபத்தொரு இலட்சத்து ஐம்பதாயிரத்து நானூறில் ஒன்று. கோடிக்கு எதிரே அப்பழமொழி காணியை நிறுத்தியதன் பொருத்தம் இப்போது விளங்கும். பேரெண்ணுக்கு எதிரே ஒரு சிற்றெண் நிற்கின்றது.

ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை நம் முன்னோர் மேல்வாயிலக்கம் என்றும், ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் என்றும் அழைத்தனர். மேல்வாயிலக்கம் இன்றும் நம் நாவில் உள்ளது. கீழ்வாயிலக்கத்திலோ அரை, கால், முக்கால் என்னும் மூன்றும் தவிர ஏனையவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. மறைந்தவை சில பழஞ்சொற்கள் மட்டுமல்ல. வேறுபட்ட பகுதிகளையுடைய பின்னங்களைக் கூட்டுவது எவ்வாறு என்னும் வினாவுக்கு நம் மொழி கண்டிருந்த விடையும் அவற்றோடு மறைந்தது. அவ்விடையை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளிக் கணக்கு

நம் பிள்ளைகள் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் "எல்.சி.எம்." என்று கூறும் கணக்கைத் தமிழ்ப் பாடநூல்கள் மீச்சிறு பொது மடங்கு எனக் குறிக்கின்றன. பின்னத்தின் மேலுள்ள எண் தொகுதி, கீழுள்ளது பகுதி. பகுதிகள் ஒன்றாயிருப்பின் கூட்டுவது எளிது. எட்டில் ஒன்றும் எட்டில் இரண்டும் சேர்ந்தால் எட்டில் மூன்று. பகுதிகள் வேறுபடும்போதுதான் இடர்ப்பாடு எழுகின்றது. பதினாறில் ஒன்றையும் இருபதில் ஒன்றையும் எவ்வாறு கூட்டுவது?

பதினாறையும் இருபதையும் பெருக்கி 320 என்று பொதுப் பகுதி அமைப்பது ஒரு வழி. அவ்வாறு செய்தால் 20/320 உடன் 16/320 சேர்ந்து 36/320 ஆகும். பிறகு அதனைச் சுருக்க வேண்டும். சிறந்த வழி, இரண்டுக்கும் பொதுவான காரணியாகிய 4 என்பதை முதலில் கண்டறிவதாகும். 16 என்பது நான்கு நான்கு. 20 என்பது நான்கு ஐந்து. ஆகவே 4, 4, 5 ஆகிய மூன்றையும் பெருக்கினால் வரும் 80 போதும். அதுவே இவ்விரண்டு பின்னங்களுக்கும் மிகச் சிறிய பொதுப் பகுதி. 5/80 உடன் 4/80 சேர 9/80 என்று விடை கிடைக்கின்றது. மீண்டும் சுருக்க வேண்டிய தேவை இல்லை.

இதே கணக்கை நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளி மாணவன் எவ்வாறு செய்திருப்பான் என்று காண்போம். பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்றும் மாகாணி என்றும் இரு பெயர்கள் உண்டு. இருபதில் ஒன்றுக்கு மா என்று பெயர். எண்பதில் ஒன்று காணி. மாகாணி என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20 உடன் 1/80 ஐக் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பெயரே ஒரு கூட்டற் கணக்கு! எனவே மாகாணியுடன் ஒரு மாவைக் கூட்டு என்றால், அம்மாணவன் ஓலையையும் எழுத்தாணியையும் தேட வேண்டியதில்லை. மா, காணி, மற்றுமொரு மா. ஆகவே இருமா காணி. இருமா என்பது 8/80, காணி என்பது 1/80. இரண்டும் சேர்ந்து அதே 9/80.

சற்றுக் கடினமான மற்றொன்றையும் நோக்குவோம். பதினாறில் மூன்றும் இருபதில் மூன்றும் எவ்வளவு? முன்னதற்கு முண்டாணி என்று பெயர். மும்மாகாணி என்பதன் திரிந்த வடிவம் அது; மூன்று மாவும் மூன்று காணியும் அடங்கியது. பின்னது மும்மா. இரண்டையும் சேர்த்தால் ஆறு மாவும் மூன்று காணியும் ஆகும். ஐந்து மா ஒரு கால் என்பதை மாணவன் அறிவான். ஆகவே கால், ஒருமா, முக்காணி என்பது விடை. பள்ளி முறையில் செய்தாலும் 15/80 உடன் 12/80 சேர்ந்து 27/80 என்றே வரும். கால் என்பது 20/80, ஒருமா 4/80, முக்காணி 3/80. ஐயமிருப்பின் கூட்டிப் பார்க்கலாம்.

எண்பதும் முந்நூற்றிருபதும்

காணி எண்பதில் ஒன்றாக அமைந்தது தற்செயலோ என்று சிலர் கேட்கக்கூடும். நம் பின்னங்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் விடை கிடைக்கும். அவை இரண்டு நீரோடைகளாக வருகின்றன. ஒன்று, பாதி பாதியாகப் பகுத்து வருவது: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். இதன் பகுதிகள் முறையே 2, 4, 8, 16, 32, 64. கயிற்றை இரண்டாக மடிப்பவனுக்கும் பழத்தை இரண்டாக அரிபவனுக்கும் இயல்பாக வரும் பகுப்பு இது. மற்றொன்று, இருபதைக் கொண்டு வருவது: ஒருமா 1/20, இருமா 1/10, மும்மா 3/20, நான்மா 1/5. கைவிரலும் கால்விரலும் எண்ணியவனுக்கு உரிய பகுப்பு இதுவெனக் கருதுகிறோம்.

இவ்விரண்டு ஓடைகளும் கூடுமிடத்தில் ஒரு பொதுப் பகுதி தேவைப்படுகின்றது. வீசமும் மாவும் சந்திக்குமிடம் எண்பது. அங்கே காணி நிற்கின்றது. கால்வீசத்தையும் காணியையும் ஒன்றாகக் கணக்கிட வேண்டுமாயின் 64 க்கும் 80 க்கும் மிகச் சிறிய பொது மடங்கு வேண்டும். அது 320. அந்த முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பெயரிட்டனர். ஆகவே காணி நான்கு முந்திரி; கால்வீசம் ஐந்து முந்திரி; மா பதினாறு முந்திரி; வீசம் இருபது முந்திரி; கால் எண்பது முந்திரி. மேலே கூறிய பின்னங்கள் அனைத்தும் முந்திரியின் முழு மடங்குகளாகிவிட்டன. பின்னக் கணக்கு முழுவெண் கணக்காக மாறிவிட்டது. ஒவ்வொரு கணக்குக்கும் பொதுப் பகுதியைப் புதிதாகத் தேடாமல், ஒருமுறை தேடி, அதற்குப் பெயர் சூட்டி, மொழியிலேயே பதித்து வைத்தனர். இதுவே தமிழர் கண்ட வழி.

மகாவீரர் வகுத்த நிருத்தம்

இவ்வினாவைப் பிற நாட்டாரும் எதிர்கொண்டனர். எகிப்தியர் பெரும்பாலும் ஒன்றைத் தொகுதியாகக் கொண்ட பின்னங்களையே கையாண்டனர். கி.மு. 1550 அளவில் ஆமோஸ் என்னும் எழுத்தர் படியெடுத்த கணித ஏட்டில், பின்னங்களைக் கூட்டுவதற்குத் துணையாகச் சில எண்களைச் சிவப்பு மையில் எழுதியிருப்பதைக் காணலாம். அவை பொதுப் பகுதியின் வேலையைச் செய்கின்றன. பாபிலோனியர் அறுபதைப் பொதுப் பகுதியாகக் கொண்டனர்; மணிக்கு அறுபது நிமிடம் என்பது அவர்களிடமிருந்து நமக்கு வந்த எச்சம். கிரேக்க அறிஞர் யூக்ளிட், தம் நூலின் ஏழாம் பகுதியில் இரண்டு எண்களின் மிகச் சிறிய பொது மடங்கைக் காணும் வழியைக் கூறினார். ஆயினும் அவர் அங்கே எண்களின் இயல்பை ஆராய்ந்தாரேயன்றிப் பின்னங்களைக் கூட்டும் முறையை வகுக்கவில்லை.

இந்நாட்டில் கி.பி. 628 இல் பிரம்மகுப்தர், ஒரு பின்னத்தை மற்றதன் பகுதியால் பெருக்கிக் கூட்டும் பொது முறையைக் கூறினார். மிகச் சிறிய பொது மடங்கைக் கொண்டு அவ்வேலையைச் சுருக்கலாம் என்று இந்தியக் கணித அறிஞருள் முதன்முதலில் தெளிவுபட உரைத்தவர் மகாவீரர் என்னும் சமணப் பேரறிஞர். கி.பி. 850 அளவில் அவர் வடமொழியில் இயற்றிய கணிதசாரசங்கிரகம் என்னும் நூலில் அதற்கு நிருத்தம் என்று பெயரிடுகின்றார். பகுதிகளின் பொதுக் காரணிகளையும், அவற்றால் வகுத்தபின் எஞ்சும் ஈவுகளையும் ஒன்றாகப் பெருக்கினால் நிருத்தம் கிடைக்கும் என்பது அவர் கூறும் விதியின் கருத்து. மேலே நாம் 4, 4, 5 ஆகியவற்றைப் பெருக்கி எண்பதைக் கண்டது அவர் வழியேயாகும்.

மகாவீரர் வாழ்ந்த காலத்தில் அரசாண்டவன் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன். கி.பி. 814 முதல் 878 வரை ஆண்ட அம்மன்னனைத் தம் நூலின் தொடக்கத்தில் மகாவீரர் போற்றுகின்றார். அவன் தலைநகராகிய மான்யகேடம் இன்று கர்நாடக மாநிலத்தில் மால்கேட் என்னும் சிற்றூராக உள்ளது. இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று ஆண்டாப் ஹில் அன்பர்கள் எண்ணிவிட வேண்டாம். அமோகவர்ஷனுடைய ஆட்சி நாம் இன்று வாழும் இக்கொங்கணக் கரை வரை பரவியிருந்தது. அவனுக்கு அடங்கிய சிலாஹாரச் சிற்றரசர் இப்பகுதியை ஆண்டனர். தாதரில் வண்டி மாறிப் போரிவலியில் இறங்கிச் சென்றால் காணக்கூடிய கான்ஹேரிக் குடைவரைகளில், அம்மன்னனின் பெயர் பொறித்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோர், "உங்கள் எல்.சி.எம். கணக்குக்கு விதி எழுதப்பட்ட காலத்தில் வெட்டிய எழுத்து இது" என்று சுட்டிக் காட்டலாம்.

மகாவீரரின் நூல் உலகறிய வெளிவந்ததில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் விளங்கிய எம். ரங்காசாரியார், ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912 ஆம் ஆண்டு சென்னையில் அதனைப் பதிப்பித்தார். அமெரிக்கக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் அதற்கு முன்னுரை வழங்கினார். பரணில் உறங்கிய ஏடு இவ்வாறுதான் உலகக் கணித வரலாற்றில் இடம் பெற்றது.

"கணிதத்தை உலகுக்கு ஈந்தவர் தமிழரே" என்று மேடையில் முழங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். நாம் அவ்வாறு கூற முன்வரவில்லை. மகாவீரரின் வழி வேறு. தமிழ்ச் சொற்களின் வழி வேறு. மகாவீரரின் விதி எந்தப் பின்னத்துக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு முறையும் நிருத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் முறையில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் முந்நூற்றிருபதுக்குள் அடங்காத பின்னம் வந்தால் அது தயங்கி நிற்கும். ஒன்று விதி, மற்றொன்று வழக்கு. இரண்டன் சிறப்பையும் குறையையும் அறிவதே வரலாறு கற்பதன் பயன்.

கல்லில் எழுதிய கீழ்வாயிலக்கம்

தமிழ் முறையின் ஆற்றலைக் காண விரும்புவோர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்ல வேண்டும். முதலாம் இராசராசன் கி.பி. 1001 இல் சோழநாட்டு நிலங்களை அளக்கச் செய்தான். 1010 இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வழங்கப்பட்ட ஊர்களின் நிலப்பரப்பு குறிக்கப்பட்டுள்ளது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு. அதில் குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு முதலாக இறை செலுத்தாத நிலம் இவ்வளவு. அது நீங்கலாக இறைகட்டும் நிலம் இவ்வளவு என்று கணக்கு அமைந்துள்ளது. வேலியும் அதன் பின்னங்களுமாகப் பல சிறு நிலங்களைக் கூட்டிக் கழிக்க வேண்டிய வேலை இது. பொதுப் பகுதி இல்லாமல் இது நடந்தேறாது.

முந்திரியிலும் சிறிய பரப்பு வந்தபோது அக்கணக்கர் புதிய பெயர்களைத் தேடவில்லை. "கீழ்" என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து, முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, அதன் அரை, கால், மா, காணி என்று மறுபடியும் தொடங்கினர். கீழ்முந்திரி என்பது முந்திரியின் முந்நூற்றிருபதில் ஒன்று, அதாவது 1/1,02,400. அதற்கும் கீழே செல்ல வேண்டின் மீண்டும் ஒரு "கீழ்". அறுபதை அடுத்தடுத்துக் கையாண்ட பாபிலோனியர் முறைக்கு இது ஒப்பானது. ஒரு வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை அக்காலத்தில் கணக்கிட்டனர் என்று வரலாற்று நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. வாசகர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம்: நான்கு 320 களை ஒன்றோடொன்று பெருக்கி, மேலும் ஐந்தால் பெருக்கினால் சரியாக அவ்வெண்ணே வரும். இக்கால வழக்கில் வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அப்படிக் கொண்டால் அப்பங்கு ஒரு சதுர அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றினும் சிறிது. எந்த அளவுகோலும் அதனை அளந்திருக்க இயலாது. அதனை அளந்தது கணக்கு. பகுத்து வந்த விடையை வெட்டிக் குறைக்காமல் உள்ளவாறே கல்லில் எழுதிய நேர்மையே நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. அரசு அலுவலகத்தில் பைசாக்களை முழு ரூபாயாகத் திருத்தி எழுதிப் பழகிய நமக்கு அவ்வியப்பு சற்று மிகுதியாகவே தோன்றும்.

மூன்று பிள்ளைகளும் இம்மியும்

320 என்னும் எண்ணில் இரண்டும் ஐந்துமே காரணிகள். மூன்று அதில் இல்லை, ஏழும் இல்லை. அவ்வாறாயின் ஒரு வேலி நிலத்தை உடன்பிறந்தார் மூவருக்குப் பங்கிட்டால் என்ன செய்வது? இங்கேதான் இம்மி வருகின்றது. கீழ்முந்திரியின் இருபத்தொன்றில் ஒன்று இம்மி. இருபத்தொன்று என்பது மூவேழு. விடுபட்ட மூன்றையும் ஏழையும் ஒருசேர உள்ளே கொணர்ந்துவிட்டனர். 320, 320, 21 ஆகியவற்றைப் பெருக்கினால் நாம் தொடக்கத்தில் கூறிய 21,50,400 கிடைக்கும்.

வேலியை மூன்றாகப் பகுத்தால் ஒருவர் பங்கு 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி. மிச்சம் ஏதுமில்லை. ஏழு பேருக்குப் பகுத்தால் ஒருவர் பங்கு 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி. அங்கும் மிச்சமில்லை. "இம்மியளவும் குறையாமல்" என்று நாம் சொல்லும்போது, மூவர்க்கும் எழுவர்க்கும் வழக்கின்றிப் பங்கு பிரிக்கவல்ல ஓர் அளவைச் சொல்கிறோம் என்பதை இனியேனும் நினைவில் கொள்வோம்.

நெல்லளவில் மூன்றுக்கு வேறு வகையில் இடம் தந்தனர். எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இரண்டாலேயே ஏறி வந்த அளவு கடைசிப் படியில் மூன்றால் ஏறுகின்றது. ஆகவே ஒரு கலம் நெல்லை மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு தூணி. களத்துமேட்டில் எவரும் ஓலையைப் புரட்ட வேண்டியதில்லை.

திண்ணையில் வாழ்ந்த கணக்கு

இக்கணக்கைக் கற்பித்த இடம் திண்ணைப் பள்ளி. பொன்னுக்கும் பணத்துக்கும் பொன்னிலக்கம், நெல்லுக்கு நெல்லிலக்கம், பெருக்கல் வாய்பாட்டுக்கு எண்சுவடி, நிலப்பரப்புக்குக் குழிமாத்து என்று வரிசைப்படுத்தி, மணலில் எழுதியும் வாய்விட்டு ஒப்பித்தும் மாணவர் மனப்பாடம் செய்தனர். முழுவெண்ணுக்கு மட்டுமன்றி, மாவுக்கும் காணிக்கும் முந்திரிக்கும் வாய்பாடுகள் இருந்தன. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், இத்தகைய அளவைகளையும் அவற்றைக் கையாளும் முறைகளையும் செய்யுளில் தொகுத்துரைக்கும் நூல். திருக்குறளில் எண்ணும் எழுத்தும் கண் எனக் கூறும் 392 ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் ஏரம்பம் என்னும் கணித நூலைச் சுட்டுகின்றார். அந்நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பெயர் மட்டுமே எஞ்சியது.

பழம்பெருமை பேசும்போது அதன் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். திண்ணைப் பள்ளியின் படி எல்லார்க்கும் எட்டியதன்று. பெண்களும், ஒடுக்கப்பட்ட குடிகளில் பிறந்தோரும் பெரும்பாலும் அதில் ஏற இயலவில்லை. நிலத்தில் உழைத்தவன் ஒருவன். முந்திரியும் கீழ்முந்திரியும் அறிந்தவன் மற்றொருவன். தன் கூலி நெல் அளக்கப்படும்போது கணக்கு சரியா என்று கேட்கும் எண்ணறிவு உழைத்தவனுக்கு வாய்க்கவில்லை. பொதுப் பகுதி கண்ட சமுதாயம் அந்த அறிவைப் பொதுவாக்கவில்லை. இன்று நம் குடியிருப்பில் எந்தக் குடியில் பிறந்த குழந்தையும், ஆணாயினும் பெண்ணாயினும், அதே எல்.சி.எம். கணக்கை அதே வகுப்பில் அமர்ந்து கற்கின்றது. இழந்ததைப் பற்றி வருந்தும்போது பெற்றதையும் மறக்கலாகாது.

வழக்கொழிந்த வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளிக் கல்வி மாறியது. நில அளவை ஏக்கரும் சென்டும் ஆயிற்று. ஆயினும் கீழ்வாயிலக்கம் உடனே மாய்ந்துவிடவில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் முறை அதற்கு நட்பாகவே இருந்தது. ஓரணா என்பது ரூபாயில் சரியாக ஒரு வீசம், இரண்டணா அரைக்கால், நாலணா கால், எட்டணா அரை. அணாவுக்குப் பன்னிரண்டு பை ஆகையால் ரூபாய்க்கு 192 பை. இவ்வெண்ணில் மூன்று காரணியாக இருப்பதால், ஒரு ரூபாயை மூவர் பகிர்ந்தால் ஐந்தணா நான்கு பை என்று மிச்சமின்றிப் பிரிந்தது.

1957 ஏப்ரல் 1 ஆம் நாள் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. ஓரணா ஆறேகால் நயா பைசா ஆயிற்று. அரைக்கால் ரூபாய் பன்னிரண்டரை ஆயிற்று. வீசமும் அரைக்காலும் முழு நாணயமாக அமையவில்லை. 1956 இல் சட்டமான மெட்ரிக் அளவுகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, நாழிக்கும் குறுணிக்கும் கடைத்தெருவில் வேலையில்லாது போயிற்று. நூறு என்னும் ஒரே பொதுப் பகுதி நாடு முழுவதும் நிலைபெற்றது. அதனால் விளைந்த நன்மை பெரிது. சென்னைக்கு ஒரு படி, மும்பைக்கு ஒரு படி என்றிருந்த குழப்பம் நீங்கியது. மாநிலந்தோறும் மாற்றலாகிச் செல்லும் நடுவண் அரசு ஊழியராகிய நாம் அதன் பயனை நன்கறிவோம். ஆனால் வேலை இழந்த சொற்கள் விரைவில் நினைவையும் இழந்தன. தஞ்சை வட்டாரத்து உழவர் நாவில் மாவும் குழியும் வேலியும் இன்னும் வழங்குகின்றன. முந்திரி என்றால் நம் பிள்ளைகளுக்குப் பாயசத்தில் மிதப்பது மட்டுமே நினைவுக்கு வரும்.

இந்நிலை தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் அண்டை வீட்டு மராத்தியப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாவ்கி, நிம்கி, பாவுண்கி, சவாய்கி, தீட்கி, அடீச்கி என்னும் பின்ன வாய்பாடுகளை அவர்களுடைய முந்தைய தலைமுறையினர் ஒப்பித்தனர். கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை ஆகியவற்றின் வாய்பாடுகள் அவை. நம் இல்லத்தரசியர் காய்கறிச் சந்தையில் "பாவ் கிலோ" என்றும் "தீட் கிலோ" என்றும் கேட்டு வாங்கும்போது அந்த வாய்பாட்டின் எச்சத்தையே பேசுகின்றனர். தமிழ்க் குழந்தை தன் வீட்டு மாகாணியை அறியாமல் தெருவின் தீடை அறிந்திருக்கின்றது. தீடை அறிந்தது நன்றே. மாகாணியையும் அறிந்தால் இரு மொழிகளின் அறிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பேறு அதற்குக் கிடைக்கும்.

நாம் செய்யத்தக்கது

மீண்டும் முந்திரியில் சம்பளம் வாங்க வேண்டும் என்று எவரும் கூறமாட்டார். பள்ளிப் பாடத்தோடு போட்டியிடவும் வேண்டியதில்லை. பிள்ளை 1/16 + 1/20 என்று எழுதி விழிக்கும் மாலை வேளையில், மாகாணி, மா, காணி என்னும் மூன்று சொற்களைப் பெற்றோர் அருகமர்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும். பொதுப் பகுதி என்பது ஏன் தேவை என்பதை ஆசிரியர் கரும்பலகையில் விளக்குவதைவிட, மாகாணி என்னும் அவ்வொரு சொல் விரைவில் விளக்கிவிடும். தமிழ் எழுதப் படிக்க அறியாத பிள்ளைக்கும் இது பயன்படும். செவி இருந்தால் போதுமானது.

மற்றொரு கடமை இதனினும் அவசரமானது. நம்மில் பலருக்கு ஊரில் பழைய வீடு உண்டு. பெற்றோர் மறைந்தபின் அவ்வீட்டை விற்பதற்காக ஒரு வார விடுப்பில் செல்கிறோம். பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் ஓலைக் கட்டுகளைப் பிரித்துப் பார்க்க நேரமின்றிப் பழைய பொருள் வாங்குவோரிடம் ஒப்படைத்துத் திரும்புகிறோம். அக்கட்டுகளில் ஒன்று எண்சுவடியாக இருக்கலாம். ஊர்க் கணக்காகவும் இருக்கலாம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகமும் இத்தகைய சுவடிகளைப் பேணி வரும் இடங்கள். கட்டை அவிழ்க்காமல், எண்ணெய் பூசாமல், துணியில் சுற்றி அங்குக் கொண்டு சேர்த்தால், எந்த ஏட்டில் என்ன இருக்கின்றது என்பதை அறிந்தோர் கூறுவர்.

2019 ஆம் ஆண்டு தமிழ்ப் பின்னக் குறியீடுகள் ஒருங்குறியில் இடம்பெற்றன. முந்திரிக்கும் காணிக்கும் மாவுக்கும் கணிப்பொறியில் இன்று தனித்தனி எழுத்துகள் உண்டு. அவ்வெழுத்துகளைக் கண்டால் பெயர் சொல்லவும், பெயரைச் சொன்னால் அளவு சொல்லவும் தெரிந்த பிள்ளைகள் நம் குடியிருப்பில் சிலரேனும் உருவாக வேண்டும். அடுத்த ஆண்டுவிழாவில் திருக்குறள் ஒப்பித்தல் போட்டியோடு கீழ்வாயிலக்கம் ஒப்பித்தல் போட்டி ஒன்றையும் சங்கத்தார் சேர்த்து நடத்துவாராக என வேண்டி அமைகிறோம்.